பாவம் பார்ப்பதும் பார்த்து அறிவதும்: வகுப்பறையில் விலங்கு நலக் கல்வி

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்வந்த மாணவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் புலி, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை என்று பட்டியல் மளமளவென்று வரும். "புலி என்ன செய்துகொண்டிருந்தது?" என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள். "தூங்குச்சு டீச்சர்" என்பார்கள். "அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருந்துச்சு" என்று ஓரிருவர் சொல்வார்கள். ஏன் நடந்தது, எவ்வளவு நேரம் நடந்தது, நடக்கும்போது எதைப் பார்த்தது என்ற கேள்விகளுக்கு வகுப்பு அமைதியாகிவிடும். குழந்தைகள் விலங்கைப் பார்த்திருக்கிறார்கள், கவனிக்கவில்லை.

"பிற உயிர்களிடம் அன்பு காட்ட வேண்டும்" என்று நாம் முதல் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறோம். குழந்தைகளிடம் அந்த அன்பு நிறையவே இருக்கிறது. சிறுமலைப் பாதையில் குரங்குக்கு பிஸ்கட் வீசுவதும் அன்பினால்தான். கிளிக்குஞ்சைக் கூண்டில் வைத்துப் பழம் ஊட்டுவதும் அன்பினால்தான். ஆனால் பிஸ்கட்டுக்குப் பழகிய குரங்கு சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. கிளி பறக்க மறந்துபோகிறது. அன்பு குறைந்ததால் வந்த துன்பம் அல்ல இது. அந்த விலங்குக்கு என்ன தேவை என்று அறியாததால் வந்தது. இந்த அறிவையே தொழிலாகக் கற்பவர்கள் உயிரியல் பூங்காப் பணியாளர்கள். அவர்களுடைய பயிற்சியில் நம் வகுப்பறைக்கு எடுத்துவர வேண்டியவை என்ன, தாடிக்கொம்பில் எங்கள் அரசுப் பள்ளியில் 7, 8ஆம் வகுப்பு மாணவர்களுடன் அதை எப்படிச் செய்கிறோம் என்பதே இக்கட்டுரை.

நலம் என்றால் என்ன?

இங்கிலாந்தில் 1964இல் ரூத் ஹாரிசன் என்பவர் பண்ணை விலங்குகள் எந்திரங்களைப் போல நடத்தப்படுவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது எழுப்பிய சலசலப்பில் அந்நாட்டு அரசு பிராம்பெல் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1965இல் வந்த அக்குழுவின் அறிக்கை மிக எளிய ஒன்றைக் கேட்டது: ஒரு விலங்குக்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலைச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும். இதிலிருந்து வளர்ந்ததே 1979இல் வகுக்கப்பட்ட "ஐந்து விடுதலைகள்":

1. பசி, தாகத்திலிருந்து விடுதலை.
2. இருப்பிட அசௌகரியத்திலிருந்து விடுதலை.
3. வலி, காயம், நோயிலிருந்து விடுதலை.
4. தன் இனத்துக்கு இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் விடுதலை.
5. அச்சம், மனவேதனையிலிருந்து விடுதலை.

முதல் மூன்றும் மாணவர்களுக்கு உடனே புரிந்துவிடும். தீனி, கொட்டகை, மருந்து என்று வீட்டிலேயே பார்த்தவர்கள் அவர்கள். நான்காவதில்தான் பாடம் தொடங்குகிறது. வயிறு நிறைந்த, நோயில்லாத, நிழலில் நிற்கிற விலங்குக்கும் குறை இருக்க முடியுமா? கோழிக்குச் சீய்க்க மண் வேண்டும். ஆட்டுக்குத் தலை உயர்த்திக் கடிக்கத் தழை வேண்டும். குரங்குக்குக் கூட்டம் வேண்டும். இவை இல்லாதபோது உடல் நன்றாக இருந்தாலும் நலம் குறைகிறது. நியூசிலாந்தின் டேவிட் மெல்லர் 1994 முதல் இந்தக் கருத்தை மேலும் வளர்த்தார். உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கும் சேர்ந்து விலங்கின் மனநிலையைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் வகுத்த முறை. துன்பம் இல்லாதிருப்பது மட்டும் நலம் ஆகாது, நல்ல அனுபவங்களும் வேண்டும் என்பது இன்றைய புரிதல்.

மிருகக்காட்சி சாலையிலிருந்து உயிரியல் பூங்கா வரை

சென்னையில் 1855இல் எட்வர்ட் பால்ஃபர் அரசு அருங்காட்சியகத்தோடு சேர்த்து ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். உயிருள்ள விலங்குகளைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். அன்று நோக்கம் காட்சிதான். பெயரிலேயே அது இருக்கிறது. கம்பிக் கூண்டு, சிமெண்டுத் தரை, எதிரே கூட்டம். அந்த நிறுவனமே 1985இல் வண்டலூரின் காட்டுப் பகுதிக்கு இடம்பெயர்ந்து அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆனது. இன்று 602 ஹெக்டேர் பரப்பில், பெரும்பாலும் கம்பிகளுக்குப் பதில் அகழிகளோடு, மரஞ்செடிகளுக்கு நடுவே விலங்குகள் இருக்கின்றன.

சட்டமும் கூடவே வளர்ந்தது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. உயிரினங்களிடம் பரிவு காட்டுவது குடிமகனின் அடிப்படைக் கடமை என்று 1976இல் அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு சேர்த்தது. 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அங்கீகாரம் இல்லாமல் நாட்டில் எந்த உயிரியல் பூங்காவும் இயங்க முடியாது. இருப்பிடத்தின் அளவு, மருத்துவ வசதி, பணியாளர், வாரத்தில் ஒருநாள் பார்வையாளர்களுக்கு விடுமுறை என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. வண்டலூர் செவ்வாய்க்கிழமை மூடியிருப்பது இதனால்தான்.

இந்த விதிகள் ஏட்டளவில் நிற்கவில்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கோவை வ.உ.சி. பூங்காவிலிருந்த உயிரியல் பூங்கா பல தலைமுறைக் குழந்தைகள் பார்த்து வளர்ந்த இடம். நகரின் நடுவே சில ஏக்கரில் இருந்த அதற்குப் போதிய இடமும் வசதியும் இல்லை என்று 2022இல் ஆணையம் அங்கீகாரத்தை ரத்து செய்தது. "குழந்தைகள் மகிழ்ச்சியாகப் பார்த்த ஓர் இடத்தை மூடியது சரியா?" என்ற கேள்வியை 8ஆம் வகுப்பில் விவாதத்துக்கு வைத்தால் ஒரு பாடவேளை போதாது. இரு தரப்பும் தங்கள் வாதத்துக்கு ஐந்து விடுதலைகளிலிருந்து சான்று காட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பராமரிப்பாளர் கற்பது என்ன?

பூங்காவில் விலங்கோடு அதிக நேரம் இருப்பவர் மருத்துவர் அல்லர், பராமரிப்பாளர். ஆணையம் பராமரிப்பாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் கல்வி அலுவலர்களுக்கும் தனித்தனியே பயிற்சிகள் நடத்துகிறது. கோயம்புத்தூரிலிருந்து இயங்கும் ஜூ அவுட்ரீச் அமைப்பும் இத்துறையில் நெடுங்காலமாகப் பணியாற்றுகிறது. மைசூர் மிருகக்காட்சி சாலையின் மீது கொண்ட ஈடுபாட்டால் இத்துறைக்கு வந்த சாலி வாக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1985இல் தொடங்கிய அமைப்பு அது. இத்தகைய பயிற்சிகளின் சாரத்தை நான்காகச் சொல்லலாம்.

முதலாவது, காலைப் பார்வை. கூண்டைக் கழுவுவதற்கு முன் பார்க்க வேண்டும். முந்தைய நாள் உணவில் மீதி எவ்வளவு, சாணம் அல்லது எச்சம் எப்படி இருக்கிறது, நடையில் நொண்டல் உண்டா, கண்ணில் நீர் வடிகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வழக்கம்போல் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டு விலங்கு நோயை மறைக்கும். பலவீனம் வெளியே தெரிந்தால் எதிரிக்கு இரையாகிவிடும் என்பது அதன் இயல்பு. அது படுத்துவிட்ட பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை. ஆகவே சிறு மாற்றத்தை முதல்நாளே காணும் கண்தான் மருத்துவத்தின் முதல் படி. கண்டதைத் தினசரி அறிக்கையில் எழுதுவதும் பணியின் ஒரு பகுதி.

இரண்டாவது, உடல்மொழி. யானை தலையையும் உடலையும் ஓயாமல் ஆட்டிக்கொண்டே நின்றால் "யானை டான்ஸ் ஆடுது" என்று குழந்தைகள் கைதட்டுவார்கள். ஒரே அசைவை நோக்கமின்றித் திரும்பத் திரும்பச் செய்வது, புலி ஒரே தடத்தில் நடப்பது, கரடி ஒரே இடத்தில் சுற்றுவது ஆகியவை பெரும்பாலும் மகிழ்ச்சியின் அடையாளம் அல்ல. அடைபட்ட வாழ்வின் சலிப்பை, நெருக்கடியைக் காட்டும் அறிகுறிகள். சில விலங்குகளிடம் இப்பழக்கம் முன்பு இருந்த மோசமான இடத்திலேயே படிந்து, நல்ல இடத்துக்கு வந்த பின்னும் தொடரும். எனவே பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லாமல் எப்போது, எவ்வளவு நேரம் என்று குறித்துவைக்கப் பணியாளர் பழக்கப்படுகிறார்.

மூன்றாவது, வேலை கொடுப்பது. காட்டில் விலங்கின் பகல்பொழுதில் பெரும்பகுதி உணவு தேடுவதில் கழியும். பூங்காவில் அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மீதி நேரம்? இதற்காகவே உணவை ஒளித்துவைப்பது, மரக்கட்டைத் துளைக்குள் தேன் தடவிக் கரடிக்குக் கொடுப்பது, கோடையில் பழங்களைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துத் தருவது, குரங்குகளுக்குக் கயிறும் கிளையும் கட்டுவது போன்றவற்றைச் செய்கிறார்கள். நடத்தைச் செறிவூட்டல் என்பது இதன் பெயர்.

நான்காவது, தண்டனையில்லாப் பயிற்சி. ஒரு சிங்கத்துக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் மயக்க ஊசி போடுவதோ, கூண்டின் பக்கச் சுவரை நகர்த்தி நெருக்குவதோதான் பழைய வழி. இரண்டிலும் ஆபத்தும் அச்சமும் உண்டு. இன்று பல பூங்காக்களில் விலங்கு தானே வந்து வாலையோ பாதத்தையோ கம்பியருகே நீட்டும்படி பழக்குகிறார்கள். சரியாகச் செய்தால் ஒரு துண்டு இறைச்சி. செய்யாவிட்டால் ஒன்றுமில்லை, அடியும் இல்லை. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் சென்னை அருகே தொடங்கிய முதலைப் பண்ணையில் முதலைகளைக்கூடப் பெயர் சொல்லி அழைத்தால் வரும்படி பழக்கியிருக்கிறார்கள். அறிவற்றது என்று நாம் நினைக்கும் ஓர் உயிர் பெயரை அறிகிறது என்பது மாணவர்களைப் பெரிதும் வியக்கவைக்கும் செய்தி. பிரம்பில்லாமல் கற்பிக்க முடியும் என்பது ஆசிரியர்களாகிய நமக்குப் புதிய செய்தியல்ல.

பயிற்சி என்றவுடன் எல்லாம் வெளியிலிருந்து வந்தது என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. தெப்பக்காட்டிலும் ஆனைமலையிலும் யானை முகாம்களில் பணிபுரியும் பாகன்களும் காவடிகளும் பெரும்பாலும் பழங்குடியினர். காதசைவையும் துதிக்கையின் நிலையையும் வைத்து யானையின் மனநிலையைச் சொல்லும் அறிவு அவர்கள் குடும்பங்களில் தலைமுறையாக வருவது. அப்படிப்பட்ட 13 பேரைத் தாய்லாந்தின் லாம்பாங்கில் உள்ள யானைகள் பாதுகாப்பு மையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பத் தமிழ்நாடு அரசு 50 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற ஆவணப்படத்தின் வழியே உலகம் அறிந்த பெள்ளி அதே ஆண்டு தெப்பக்காட்டில் காவடியாகப் பணிநியமனம் பெற்றார். படிப்பறிவும் பட்டறிவும் சேர்ந்தால்தான் விலங்கு நலம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

இப்பணியில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு 2021 ஜூன் மாதத்தை நினைவூட்டலாம். வண்டலூரில் சில சிங்கங்கள் சோர்ந்து, உணவைக் குறைத்து, இருமுவதைப் பணியாளர்கள் கண்டார்கள். பரிசோதனையில் 9 சிங்கங்களுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. ஜூன் 3 அன்று நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் இறந்தது. சில நாள்களில் ஓர் ஆண் சிங்கமும் இறந்தது. மற்றவை சிகிச்சையில் தேறின. மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் உடல்நலமும் பின்னிப் பிணைந்தது என்ற பாடக்கருத்தை விளக்க இந்நிகழ்வு உதவும்.

நம் பள்ளியில் செய்ய: நான்கு பாடவேளைகள்

தாடிக்கொம்பிலிருந்து வண்டலூர் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். எல்லா மாணவரையும் அழைத்துப்போக முடியாது. தேவையும் இல்லை. ஆடு, மாடு, கோழி, நாய், மைனா, காகம் எல்லாம் பள்ளியைச் சுற்றியே இருக்கின்றன. நான் அறிவியல் பாடவேளையோடு சுற்றுச்சூழல் மன்ற நேரத்தையும் பயன்படுத்துகிறேன். தேவைப்படுபவை குறிப்பேடு, கடிகாரம், அளவுநாடா மட்டுமே.

செயல்பாடு 1: இருபது நிமிடக் கவனிப்பு. நான்கு பேர் கொண்ட குழு ஒரே விலங்கைத் தூர நின்று பார்க்க வேண்டும். ஒருவர் நிமிடத்துக்கு ஒருமுறை "இப்போது" என்று சொல்வார். அந்த நொடியில் விலங்கு செய்வதை மற்றொருவர் எழுதுவார்: நிற்கிறது, மேய்கிறது, அசைபோடுகிறது, படுத்திருக்கிறது, சொறிகிறது. விலங்கியல் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறையே இது. குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வேண்டும். முதல் பத்தியில் கண்ணால் கண்டது மட்டும். "சந்தோஷமா இருக்கு", "கோவமா இருக்கு" போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. இரண்டாம் பத்தியில் அதிலிருந்து என்ன ஊகிக்கிறோம் என்பதும், எந்தச் சான்றால் என்பதும்.

இந்த இரு பத்திப் பிரிவே செயல்பாட்டின் உயிர். ஒருமுறை ஒரு குழு பள்ளிக்கு எதிர்ப்புறம் வெயிலில் கட்டியிருந்த வெள்ளாட்டைக் கவனித்தது. "நிழலுக்குப் போகணும்னு நினைக்குது டீச்சர்" என்றான் ஒரு மாணவன். "அது நினைக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "கயிறு முழுசா இறுகியிருக்கு. தலை வேப்பமரத்தைப் பாத்தே இருக்கு. இருபது தடவையும் அப்படித்தான் எழுதியிருக்கோம்" என்றான். அதன்பின் குழுவே போய் ஆட்டுக்காரப் பாட்டியிடம் பேசி, கயிற்றை நிழல் பக்கம் மாற்றிக் கட்டவைத்தது. மதியத்துக்கு மேல் நிழல் நகர்ந்து, ஆடு மறுபடி வெயிலுக்கு வந்துவிட்டது. மறுநாள் சூரியனின் நகர்வும் நிழலின் திசையும் பற்றிய பாடத்தை நான் நடத்தத் தேவையிருக்கவில்லை. எங்கே முளை அடித்தால் நாள் முழுதும் நிழல் எட்டும் என்று அவர்களே படம் வரைந்து வந்திருந்தார்கள்.

செயல்பாடு 2: எவ்வளவு தூரம்? பெர்ன், பேசல், சூரிக் நகரங்களின் உயிரியல் பூங்காக்களை நடத்திய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹைனி ஹெடிகர், ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தப்பியோடும் தூரம் உண்டு என்று விளக்கினார். அதற்குள் நாம் புகுந்தால் அது ஓடும். ஓட வழியில்லாத கூண்டில் அந்தத் தூரம் மீறப்பட்டால் விலங்கு ஓயாத அச்சத்தில் வாழும். இருப்பிடத்தை எவ்வளவு பெரிதாக, எங்கே மறைவிடம் வைத்து அமைப்பது என்பதற்கு இது அடிப்படை.

மாணவர் ஒருவர் தரையில் மேயும் மைனாவை நோக்கி மெதுவாக நடக்கட்டும். அது பறந்தவுடன் நின்றுவிட வேண்டும். நின்ற இடத்துக்கும் மைனா இருந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஐந்து வெவ்வேறு மைனாக்களுக்கு அளந்து சராசரி காணலாம். சத்துணவுக்கூடம் அருகிலுள்ள காகத்தையும் வயலோரக் காகத்தையும் ஒப்பிடலாம். ஒரே பறவையிடம் இரண்டாம் முறை போகக்கூடாது. கூடு இருக்கும் இடத்தில் செய்யக்கூடாது. அளவீடு, சராசரி, பட்டை வரைபடம் ஆகியவை கணக்கு ஆசிரியரோடு இணைந்து செய்ய ஏற்றவை. "நம்மைக் கண்டு பயப்படும் தூரம்" என்று ஓர் எண் கையில் கிடைத்தபின், கல்லெறிவது விளையாட்டாகத் தோன்றுவதில்லை.

செயல்பாடு 3: ஐந்து கேள்விகள். ஐந்து விடுதலைகளையும் கேள்விகளாக்கி, வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு விலங்குக்குப் பொருத்திப் பார்ப்பது. தண்ணீர் எப்போதும் எட்டுமா? படுக்கும் இடம் காய்ந்திருக்கிறதா? காயம் உண்டா? தன் இயல்பான வேலைகளில் எவற்றைச் செய்ய முடிகிறது? எதைக் கண்டு அஞ்சுகிறது? வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குக் குடும்பத்தோடு போய்வரும் மாணவர்கள், ஆடுகள் வண்டியில் ஏற்றப்படும் விதம் பற்றி எழுதுவார்கள். இருசக்கர வாகனத்தில் தலைகீழாகத் தொங்கும் கோழிகளைப் பற்றி எழுதுவார்கள். இங்கே ஆசிரியருக்கு நிதானம் வேண்டும். கால்நடை வளர்ப்பு இக்குடும்பங்களின் வாழ்வாதாரம். விற்பதையோ உண்பதையோ குற்றமாக்குவது இப்பாடத்தின் நோக்கமல்ல. விற்கும்வரை அந்த உயிர் எப்படி இருக்கிறது என்பதே நம் கேள்வி. நன்றாகக் கவனிக்கப்பட்ட ஆடு நோய் குறைந்து எடை கூடும் என்பது பெற்றோருக்கும் புரியும் கணக்கு. கால்நடைக்கு அவசரச் சிகிச்சை தேவைப்பட்டால் 1962 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதை எல்லா மாணவரும் குறித்துக்கொள்ளட்டும்.

செயல்பாடு 4: வேலை கொடுப்போம். பராமரிப்பாளரின் செறிவூட்டலை வீட்டில் செய்து பார்ப்பது. கோழிக்குத் தானியத்தைக் குவித்து வைக்காமல் வைக்கோலில் கலந்து தூவலாம். ஆட்டுக்குத் தழையைத் தரையில் போடாமல் உயரத்தில் கட்டித் தொங்கவிடலாம். செய்வதற்கு முன் இருபது நிமிடம், செய்த பின் இருபது நிமிடம் முதல் செயல்பாட்டின் முறையில் கவனித்து ஒப்பிட வேண்டும். மாற்றம் தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். சோதனையின் நேர்மை அதில்தான் இருக்கிறது.

கூண்டுக் கிளி என்ற சிக்கல்

இப்பாடத்தை நடத்தும் எவரும் ஒருநாள் இதைச் சந்திப்பார்கள். ஐந்து கேள்விகள் முடிந்த மறுநாள் ஒரு மாணவி தனியாக வந்து, "எங்க வீட்டுல கிளி இருக்கு டீச்சர், தப்பா?" என்று கேட்டாள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அதை மறைக்க முடியாது. ஆனால் அந்தக் குழந்தையைத் தன் வீட்டுக்கு எதிரான சாட்சியாக ஆக்குவதும் கல்வி ஆகாது.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. வகுப்பில் "யார் வீட்டில் என்ன இருக்கிறது?" என்று கேட்பதில்லை. ஒரு குழந்தை தானாகச் சொன்னால் அதை வகுப்பின் முன் எடுத்துப் பேசுவதில்லை. குழந்தையிடம் "நீ தப்பு செய்யவில்லை" என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு பெற்றோரை நேரில் சந்தித்துச் சட்டத்தை எடுத்துச் சொல்கிறேன். பயந்துபோய் அன்றிரவே கிளியைத் திறந்துவிடுபவர்கள் உண்டு. அதுதான் கிளிக்கு மிகப் பெரிய ஆபத்து. குஞ்சிலிருந்து கையில் வளர்ந்த பறவைக்கு இரை தேடவோ, பூனையிடமிருந்து தப்பவோ, கூட்டத்தில் சேரவோ தெரியாது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதே சரியான வழி. அந்த மாணவியின் தந்தை முதலில் தயங்கினார். பிறகு மகளையும் உடன் அழைத்துப்போய்க் கிளியை ஒப்படைத்தார். அவள் இரண்டு நாள் அழுதாள் என்று அவளுடைய அம்மா சொன்னார். அந்த அழுகைக்கு வகுப்பில் இடமிருக்க வேண்டும். நேசித்த ஒன்றை அதன் நன்மைக்காக விட்டுக்கொடுப்பது பெரியவர்களுக்கே எளிதல்ல.

பாதுகாப்பு முதலில்

கவனிப்புச் செயல்பாடுகளுக்கு முன் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியவை சில. எந்த விலங்கையும் தொடக்கூடாது. குட்டி ஈன்ற நாய், உண்ணும் நாய், கட்டப்பட்ட நாய் அருகே போகக்கூடாது. நாய் நெருங்கினால் ஓடாமல், கத்தாமல், கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். கடித்தாலோ கீறினாலோ உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் தடவக்கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கி, சொன்ன நாள்களில் எல்லாத் தவணையும் போட்டு முடிக்க வேண்டும். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தோன்றிய பின் அநேகமாகப் பிழைப்பதில்லை; தடுப்பூசியால் முழுமையாகத் தடுக்கலாம். வீட்டில் திட்டுவார்கள் என்று குழந்தை கடியை மறைப்பதுதான் உயிருக்கு ஆபத்து. "யாரும் திட்ட மாட்டோம், உடனே சொல்" என்று ஆண்டுக்கு இருமுறையாவது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்துக்கு உரிய இன்னொன்று தேவாங்கு. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கான முதல் சரணாலயம் அது. பெரிய கண்களோடு மெல்ல நகரும் இந்த இரவு விலங்கு பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது. மூடநம்பிக்கையால் பிடிக்கப்பட்டும், சாலையில் அடிபட்டும் சாகிறது. கண்டால் விளக்கடித்துப் படம் எடுக்காமல் விலகி நிற்க வேண்டும், அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பது திண்டுக்கல் மாவட்டக் குழந்தைகள் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய பாடம்.

பூங்காவுக்கே அழைத்துச் சென்றால்

வண்டலூருக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள், எல்லா விலங்கையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட மூன்றே விலங்குகளின் முன் பதினைந்து நிமிடம் வீதம் நிற்கத் திட்டமிடலாம். காலை நேரம் நல்லது. விலங்குகளைச் சீண்டுவதும், தீனி போடுவதும், கூச்சலிட்டுத் தொல்லை தருவதும், குப்பை போடுவதும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 38ஜே பிரிவின்படி தடை செய்யப்பட்டவை என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடலாம். பராமரிப்பாளர் ஒருவர் ஓய்வாக இருந்தால், "இந்த விலங்குக்கு உடம்பு சரியில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மாணவர்கள் கேட்கட்டும். அவர்கள் தயாரித்துப் போகும் எல்லாக் கேள்விகளிலும் இதற்கே நல்ல பதில் கிடைக்கும். பூங்காவில் மாணவர்களுக்கான கல்வித் திட்டங்களும் நடக்கின்றன. முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்கலாம்.

மதிப்பீடு

வளரறி மதிப்பீட்டுக்கு இச்செயல்பாடுகளை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். நான் பார்ப்பவை மூன்று. கண்டதையும் ஊகித்ததையும் மாணவர் பிரித்து எழுதினாரா? ஊகத்துக்குச் சான்று காட்டினாரா? விலங்கின் தேவைக்கு ஏற்ற ஒரு சிறு மாற்றத்தைச் சொன்னாரா அல்லது செய்தாரா? தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் எழுத்துக்குப் பதில் படம் வரையச் சொல்லலாம். இருபது நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கிக்கொள்ளலாம். விலங்குகளைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்வது மட்டும் எந்த வகுப்பிலும் வேண்டாம்.

இதில் எழுதத் தடுமாறும் மாணவர்கள் முன்னுக்கு வருவதைத் தொடர்ந்து காண்கிறேன். ஆடு மேய்த்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் மற்றவர் கண்ணில் படாததைப் பார்த்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் குறைவது அதை எழுதும் முறை மட்டுமே. அதை நாம் கற்றுத்தர முடியும். நாளை அவர்களில் ஒருவர் கால்நடை மருத்துவராகவோ, பூங்காப் பராமரிப்பாளராகவோ, வனக்காவலராகவோ ஆகலாம். ஆகாவிட்டாலும், பேசத் தெரியாத ஓர் உயிரின் தேவையைச் சான்றோடு அறியப் பழகிய பிள்ளை, பேசத் தயங்கும் பக்கத்து இருக்கைத் தோழனின் தேவையையும் அறியும். இந்தப் பருவத்தில் ஒரே ஒரு பாடவேளையை ஒதுக்கி, பள்ளி வாசலில் நிற்கும் ஏதாவது ஒரு விலங்கிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.